கைப்பிடி வைத்ததே சுற்றத்தானே?

ஒரு பொறியியல் கல்லூரியின் ஓபன் டேயில், அதாவது வெளியாட்களுக்கு லேப்பைத் திறந்து காட்டுகிற நாளில், எடுத்த வீடியோதான் சனிக்கிழமையிலிருந்து எல்லா குரூப்பிலும் ஓடுகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள், முழுக் கதையும் சொல்லப்போவதில்லை. கயிறு கட்டிய மேஜை. 'தொடாதீர்கள்' என்று லேமினேட் பண்ணின அட்டை. கயிற்றுக்கு மேலே எக்கிக் கை நீட்டுகிற அரசுப் பள்ளிப் பிள்ளை. மைக்கைப் பிடித்தபடி அந்தக் கல்லூரிப் பேராசிரியர், "ஏம்மா, இதெல்லாம் பார்த்ததே இல்லையா?" சுற்றி நின்றவர்கள் சிரிப்பு.

பார்த்ததில்லைதான் சார். பார்த்திருந்தால் ஞாயிறு விடுமுறைக்கு முந்தின நாள் பஸ் ஏறி உங்கள் ஓபன் டேக்கு எதற்கு வரப்போகிறாள்?

கல்லூரி பெயரை நான் எழுதப்போவதில்லை. எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அந்த மேஜையில் இருந்தது கையால் சுற்றுகிற ஜெனரேட்டர். ஒரு கைப்பிடி, ஒரு பெல்ட், சுற்றினால் மின்சாரம் தருகிற சின்ன டிசி மெஷின், முன்னால் ஒரு பல்பு, ஒரு சுவிட்ச். கைப்பிடி வைத்திருப்பதே சுற்றுவதற்கு. அதைக் கயிறு கட்டித் தள்ளி வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு மாணவனை நிறுத்தி மனப்பாடம் பண்ணின நாலு வரியை இங்கிலீஷில் ஒப்பிக்க வைப்பது, பந்தியில் உட்காரவைத்து மெனு கார்டை வாசித்துக் காட்டி அனுப்புகிற மாதிரி.

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் எலக்ட்ரிகல் மெஷின்ஸ் லேப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டிப்ளமோ இஇஇ, அதாவது எலக்ட்ரிகல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ். பேராசிரியர் இல்லை, பிஎச்டி இல்லை. ஆனால் அந்தப் பெட்டியைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. அதே மாதிரி ஒன்றை, ஒதுக்கிப் போட்ட பழைய மோட்டாரை வைத்து எங்கள் லேப்பில் நானே செய்து வைத்திருந்தேன்.

அது என்ன செய்யும் தெரியுமா? சுவிட்சை ஆஃப் பண்ணிவிட்டுச் சுற்றினால் கைப்பிடி லேசாகப் போகும். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வேகமாகச் சுற்றுவார்கள். சுற்றிக்கொண்டிருக்கும்போதே சுவிட்சைப் போடுங்கள். பல்பு எரியும், அதே நொடியில் கைப்பிடி கனமாகிவிடும். யாரோ உள்ளே இருந்து பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். சில பிள்ளைகள் பயந்து கையை எடுத்துவிடுவார்கள். அப்புறம் மறுபடி வந்து, சுவிட்சை அவர்களே போட்டுப் போட்டு எடுத்துப் பார்ப்பார்கள். மின்சாரம் சும்மா வரவில்லை, யாரோ எங்கேயோ எதையோ தள்ளிக்கொண்டிருந்தால்தான் வருகிறது என்பது அந்தக் கனத்தில்தான் புரியும். உண்டாகிற மின்சாரம் தன்னை உண்டாக்கிய அசைவையே எதிர்க்கும் என்கிற லென்ஸ் விதியைப் போர்டில் எழுதி விளக்கிக்கொள்ளலாம், பரவாயில்லை. ஆனால் அந்தக் கனத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றால் தெரிவது ஒரு பல்பு எரிவது மட்டும்தான். பல்பு எரிவதை அவள் வீட்டிலேயே பார்க்கலாமே.

அந்தக் கைப்பிடியைப் பிடித்த பிள்ளையிடம் நான் ஒரு கணக்குச் சொல்வேன். சைக்கிள் மிதிக்கிற மாதிரி விடாமல் 100 வாட் கொடுத்தாலும் ஒரு யூனிட் மின்சாரம் வர 10 மணி நேரம் ஆகும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக வருகிறதே நம் வீட்டுக்கு, அதை மிதித்தே எடுப்பதென்றால் 1000 மணி நேரம். கைவலியோடு கேட்கிற பிள்ளைக்கு அந்தக் கணக்கு மறக்காது.

சரி, இனி கமென்ட்டில் வந்து பாடம் எடுத்தவர்களுக்கு வருவோம்.

"லேப்பில் 415 வோல்ட் ஓடுகிறது, பிள்ளைகளைத் தொட விட முடியுமா, ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?" நியாயமான கேள்வி, மரியாதையாகவே பதில் சொல்கிறேன். 415 வோல்ட்டைத் தொட விடு என்று எந்தப் பைத்தியக்காரரும் கேட்கவில்லை. அந்த மேஜையில் இருந்தது டார்ச் பல்புக்கான வோல்டேஜ். பெரிய மெஷினுக்கும் வழி இருக்கிறது. ஆல்டர்னேட்டரை, அதாவது ஏசி ஜெனரேட்டரை, மெயின் சப்ளையோடு சேர்க்கிற சோதனையை எங்கள் லேப்பில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். டார்க் லாம்ப் முறை. சுவிட்சுக்குக் குறுக்கே மூன்று பல்பு. இரண்டு பக்கமும் வேகம் ஒத்துவராதவரை மூன்றும் சேர்ந்து எரிந்து சேர்ந்து அணையும். வேகம் நெருங்க நெருங்க மினுக்கல் மெதுவாகும். மூன்றும் முழுதாக அணைந்து நிற்கிற நேரத்தில் சுவிட்சைப் போட வேண்டும். தப்பான நேரத்தில் போட்டால் மெஷின் உறுமும், ஃபியூஸ் போகும். பிள்ளைகள் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால். சுவிட்சு என் கையில். "எப்போ போடணும்னு நீங்க சொல்லுங்க" என்பேன். மூச்சுப் பிடித்துப் பல்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அத்தனை பேரும் "இப்போ!" என்று கத்துவார்கள். பாதி நேரம் சீக்கிரமே கத்திவிடுவார்கள். நான் போடமாட்டேன், "ஏன் போடலன்னு சொல்லு" என்பேன். ஒரு பிள்ளையும் எதையும் தொடவில்லை. ஆனாலும் மெஷினை இணைத்தது அவர்கள்தான். பாதுகாப்பு என்பது இப்படிச் செய்வது. உங்கள் கயிறு அதற்கில்லை, பெயின்ட்டில் கைரேகை படாமல் இருக்க.

"உடைந்தால் யார் காசு கொடுப்பது?" உடையட்டுமே. பெல்ட் அறுந்தால் வேறு பெல்ட், பல்பு போனால் வேறு பல்பு. வாசலில் சேலை கட்டிக் கைகுலுக்குகிற ரோபோவைக் கொண்டுவந்து நிறுத்த மட்டும் பட்ஜெட் இருந்ததே. அதை அங்கே எந்த மாணவரும் செய்யவில்லை, பக்கத்தில் நின்ற கம்பெனி ஆளைத் தவிர யாருக்கும் அதைத் திறக்கவும் தெரியவில்லை. செல்ஃபிக்கு அது போதும். ஒத்துக்கொள்கிறேன்.

"கூட்டம் அதிகம் மேடம், எல்லாரையும் தொட விட்டால் நேரம் போதாது." வரிசை விடுங்கள். பெங்களூரு ஐஐஎஸ்சி, அதாவது இந்திய அறிவியல் கழகம், வருடத்துக்கு ஒரு நாள் கேட்டைத் திறந்துவிடுகிறது. 1909ல் தொடங்கிய நிறுவனம், எத்தனை விலையுயர்ந்த கருவி இருக்கும் அங்கே? ஆயிரக்கணக்கில் ஜனம் போகிறது. ஹை வோல்டேஜ் லேப்பில் செயற்கை மின்னல் பார்க்க வெயிலில் நிற்கிறார்கள். மின்னலை யாரும் தொடக் கேட்பதில்லை, தள்ளி நின்றுதான் பார்க்கிறார்கள். அவர்களால் முடிகிற கூட்டம் உங்களுக்கு மட்டும் தாங்காதா? அவ்வளவுதான், இந்தக் கேள்விக்கு இதற்கு மேல் பதில் கிடையாது.

அப்புறம் ஒருவர் எழுதியிருந்தார், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு டிசிப்ளின் இல்லை, அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியவில்லை" என்று. இதைப் படித்ததும்தான் எனக்குத் தூக்கம் போனது.

நான் காரைக்குடிப் பக்கத்துப் பெண். எங்கள் ஊரில் செக்ரி இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948ல் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். பள்ளியில் படிக்கும்போது எங்களைக் கூட்டிப்போனார்கள். ஒரு லேப்பில் நீல நிறக் கரைசல் நிறைந்த தொட்டி, செம்புத் தகடு, இரண்டு வயர். மயில்துத்தம் என்று எங்கள் டீச்சர் சொன்னார். அங்கே இருந்தவர் "உங்ககிட்ட பித்தளையில ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார். என் கையில் டிரங்குப் பெட்டிச் சாவி இருந்தது. வாங்கிக் கழுவி, வயரில் மாட்டி என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "நீயே முக்கு" என்றார். மஞ்சளாகப் போன சாவி செம்பு நிறமாக வெளியே வந்தது. வீட்டுக்கு வந்ததும் சாவியைக் கெடுத்துவிட்டாள் என்று அம்மாவிடம் நல்ல திட்டு. நான் எலக்ட்ரிகல் எடுத்ததற்கு அந்தச் சாவியைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. நானும் அன்றைக்கு டிசிப்ளினாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் உங்களுக்கெல்லாம் திருப்தியாக இருந்திருக்கும்.

ஜெனரேட்டர் என்றதும் அதன் தத்துவத்தைக் கண்டுபிடித்த ஃபாரடே பெயரைச் சொல்லாத பேராசிரியர் கிடையாது. 1831, மின்காந்தத் தூண்டல் என்று அந்தப் பையனும் சனிக்கிழமை ஒப்பித்தான். ஃபாரடே யார்? புத்தகம் பைண்டிங் பண்ணுகிற கடையில் வேலை பழகிய பையன். 1812ல் கடைக்கு வந்த ஒருவர், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேதியியல் விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவி நடத்துகிற சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார். அவருக்கு அதுதான் ஓபன் டே. உட்கார்ந்து குறிப்பெடுத்து, அதைத் தன் கையாலேயே பைண்டு பண்ணி டேவிக்கு அனுப்பினார். அடுத்த வருடம் அங்கேயே வேலை. என்ன வேலை? லேப் அசிஸ்டென்ட். டேவியோடு ஐரோப்பா போனபோது டேவியின் மனைவி அவரை வேலைக்காரன் மாதிரிதான் நடத்தினார் என்று அவர் கடிதங்களிலேயே இருக்கிறது. இதை எந்த ஓபன் டே போஸ்டரிலும் நான் பார்த்ததில்லை.

பார்க்கவும் முடியாது. ஏனென்றால் போஸ்டர் ஒட்டுவது நாங்கள்தான், அதில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு பண்ணுவது வேறு ஆட்கள். சொல்லிவிடுகிறேன், மனதில் கிடப்பது. ஒவ்வொரு ஓபன் டேக்கும் முந்தின நாள் இரவு வரை வயரிங் பார்ப்பது, பேனலைத் துடைப்பது, மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போவது லேப் ஆட்கள். காலையில் கோட் போட்ட இறுதியாண்டுப் பிள்ளைகள் முன்னால் நிற்பார்கள். நாங்கள் ஸ்டோர் ரூம் கதவுப் பக்கம். சிறப்பு விருந்தினர் வரும்போது "மேடம், கொஞ்சம் உள்ளே இருங்க, போட்டோல வருது" என்று சொல்லப்பட்டிருக்கிறேன். ஒரு தடவை ஒரு சின்னப் பையன் அந்தக் கைப்பிடியைச் சுற்றிவிட்டு "ஏன் திடீர்னு கனமாகுது?" என்று கேட்டான். கோட் போட்ட பையனுக்குத் தெரியவில்லை, திரும்பி என்னைப் பார்த்தான். நான் முன்னால் வந்து சொன்னேன். அன்று மாலை துறையில் எனக்குக் கிடைத்தது பாராட்டு இல்லை. விருந்தினர் முன்னால் மாணவரைக் குறைவாகக் காட்டிவிட்டேனாம்.

"மேடம், உங்கள் சொந்தக் கோபத்தை இதில் கலக்கிறீர்கள்" என்று இதற்குள் யாராவது டைப் பண்ண ஆரம்பித்திருப்பீர்கள். கலக்கிறேன். ஏன் கலக்கக் கூடாது? ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால் ஆளை நிறுத்துகிறவர்கள்தான் மேஜைக்கு முன்னால் கயிறும் கட்டுகிறார்கள். லேப்பில் கை அழுக்காகிறவர்கள் கண்ணில் படக் கூடாது, வருகிறவர்கள் கையும் அழுக்காகக் கூடாது. மிச்சம் இருப்பது புரோஷர், வைஃபை பாஸ்வேர்டு, அட்மிஷன் கவுன்டர்.

அதையும் சொல்லிவிடுகிறேன். அட்மிஷனுக்காகத்தான் ஓபன் டே என்றால் அப்படியே சொல்லுங்கள், கோபமில்லை. சுயநிதிக் கல்லூரி சீட் நிரப்ப வேண்டும், சம்பளம் அதிலிருந்துதான் வருகிறது, என் சம்பளமும் அப்படித்தான் வந்தது. ஆனால் கணக்காவது ஒழுங்காகப் போடுங்கள். 2021லிருந்து பொறியியலில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் தனி இடம். படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. நான் முதல்வன் திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பக்கத்துக் கல்லூரிகளுக்குக் களப்பயணம் கூட்டிப்போகிறார்கள். மைக்கில் கேலி பண்ணி அனுப்பினீர்களே, அவள் இன்னும் சில வருடத்தில் கவுன்சலிங்கில் உட்கார்ந்து கல்லூரி தேர்ந்தெடுப்பாள். உங்கள் கல்லூரியின் கோடு நம்பர் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்.

அந்தப் பேராசிரியர் நல்லவர், மாணவர்களுக்கு நிறையச் செய்திருக்கிறார் என்று இரண்டு பேர் எனக்குத் தனியாக எழுதினார்கள். இருக்கட்டும். நல்லவர் ஒரு காரியம் பண்ணலாம். அந்தப் பள்ளிக்குப் போன் பண்ணி, அந்தப் பிள்ளையை இன்னொரு நாள் வரச்சொல்லி, கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கைப்பிடியைக் கையில் கொடுக்கலாம். கேமராவும் பிஆர்ஓவும் இல்லாமல். வருத்தம் தெரிவிக்கிற அறிக்கையெல்லாம் வேண்டாம், லெட்டர்ஹெட் வீண்.

கடைசியாக ஒரு தகவல். நான் செய்த கை ஜெனரேட்டரைக் கழிவுப் பொருளோடு ஏலத்தில் போட்டார்கள், எடைக்குக் காசு கொடுத்து நானே வாங்கி வந்துவிட்டேன். கோவைப் பக்கத்து அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் கொண்டுவந்து வைக்கிறேன், பஸ் செலவு கூட வேண்டாம். பெல்ட் மட்டும் கொஞ்சம் நழுவும், ஸ்பேர் கையில் இருக்கிறது.

இன்பாக்ஸில் "நீங்கள் எந்தக் கல்லூரி மேடம்?" என்று கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு: சொல்லமாட்டேன். கிராஜுவிட்டி இன்னும் கைக்கு வரவில்லை.