மீன் பெட்டியில் ஒரு ராத்திரி

(காசிமேடு. கத்திரி வெயில் காலம். விடியற்காலை 3 மணி. மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு பழைய ஸ்கூல் வேன். உள்ளே கட்டில், அடுப்பு, பாத்திர அலமாரி என்று குடித்தனமே நடத்தலாம். படியில் ஒருவர் உட்கார்ந்து பனியனைப் பிழிகிறார். காலிக் கூடையோடு போகிற மீன்கார ஆயா நிற்கிறார்.)

ஆயா: இன்னா நைனா, வீட்டில் சண்டையா?

வேன்காரர்: ஒத்திகை ஆயா. அடுத்த வாரம் வீட்டுக்காரியோடு ஏலகிரி போகிறேன். லாட்ஜ் கிடையாது, இதிலேயேதான் படுக்கை. அதற்கு முன்னால் ஒரு ராத்திரி தூங்கிப் பார்க்கலாமே என்று...

ஆயா: தூங்கினியா?

வேன்காரர்: பார்த்தேன்.

ஆயா: (உள்ளே எட்டிப் பார்த்து) அம்மாடி, இன்னா அனல்! கண்ணாடி பூரா வெள்ளிக் காகிதம் ஒட்டி வச்சிருக்கே?

வேன்காரர்: பகல் வெயிலைத் திருப்பி அனுப்ப. சுவர் முழுக்க தெர்மோகோல். எல்லாம் உங்கள் மீன் பெட்டியைப் பார்த்துச் செய்ததுதான். வெளிச் சூடு ஒரு பொட்டுகூட உள்ளே வராது.

ஆயா: உள்ளே இருக்கிற சூடு?

வேன்காரர்: அது... உள்ளேயே இருக்கும்.

ஆயா: என் பெட்டியில் ஐஸ் இருக்கு. மீன் மூச்சு விடாது. நீ ராத்திரி பூரா விட்டுக்கினு இருக்கியே!

வேன்காரர்: அதற்குத்தான் ஆயா கூரையில் எக்ஜாஸ்ட் ஃபேன். 12 வோல்ட். 2 ஆம்பியர்தான் இழுக்கும். 8 மணி நேரம் ஓடினாலும் 16 ஆம்பியர் ஹவர். பேட்டரியோ 100. கணக்கு பக்கா.

ஆயா: கணக்கு இருக்கட்டும். ஃபேன் இன்னா பண்ணுது?

வேன்காரர்: உள்ளே இருக்கிற காத்தை வெளியே தள்ளுது.

ஆயா: வெளிக் காத்து எந்த வழியா வருது?

(வேன்காரர் கூரையைப் பார்க்கிறார். கதவைப் பார்க்கிறார். மறுபடி பனியனைப் பிழிகிறார்.)

வேன்காரர்: ஜன்னலைத் திறந்தால் கொசு வருமே.

ஆயா: வலை போடு. காசிமேட்டில் வலைக்கா பஞ்சம்?

வேன்காரர்: உங்கள் வலையில் வஞ்சிரம்தான் மாட்டும். கொசு நடுவில் புகுந்து குடும்பத்தோடு வரும். ஓரத்தில் காந்தம் தைத்த கொசுவலையே வாங்கி வைத்திருக்கிறேன். ஏலகிரியில் பிரிக்கலாம் என்று...

ஆயா: ஏலகிரிக் கொசுவுக்கு மட்டும் புது வலையா? பிரி!

(வலையை எடுத்துக்கொண்டு வேன்காரர் ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் ஜன்னலைத் திறக்கப் போகிறார்.)

ஆயா: அதைத் திறந்தால் காத்து அங்கே வந்து அங்கேயே போயிடும், உன்னைத் தொடாது. தலைமாட்டு ஜன்னலைத் திற. காத்து தாழ்வா வந்து, உன்மேல் பட்டு, சூட்டை வாரிக்கினு மேலே போகணும். சூடு மேலேதானே ஏறும்?

வேன்காரர்: அட, ஆமாம். மூச்சில் வருகிற ஈரமும் உள்ளேயே தங்கிவிட்டது. அதனால்தான் வியர்வை காயவே இல்லை. அது காய்ந்தால்தானே உடம்பு குளிரும்.

ஆயா: இவ்வளவு தெரிஞ்சவன் ஒரு ஜன்னலைத் திறக்கல.

வேன்காரர்: கடல் காத்து வரட்டும் என்று அந்த ஜன்னல் கடலைப் பார்க்கிற மாதிரிதான் நிறுத்தினேன். இப்போது திறந்தும் ஒன்றும் வரவில்லையே?

ஆயா: (முந்தானையைத் தூக்கிப் பிடிக்கிறார். அது கடல் பக்கம் பறக்கிறது.) கடல் காத்து பகலோட சரி, மிஞ்சினால் முன்ராத்திரி. அப்புறம் தரை சீக்கிரம் ஆறிடும், கடல் ஆறாது. காத்து கரையிலிருந்து கடலுக்குத் திரும்பும். எங்க அப்பாரு பாய்மரம் கட்டி விடிகாலையில் தொழிலுக்குப் போனதே இந்தக் காத்தில்தான்.

வேன்காரர்: மேற்குப் பக்க ஜன்னலை மறைத்து அலமாரி அடித்துவிட்டேனே!

ஆயா: இதென்ன வீடா, வாஸ்து பார்த்து இடிக்க? சக்கரம் இருக்கில்ல, திருப்பு.

(திருப்புகிறார். தலைமாட்டு ஜன்னல் மேற்கே பார்க்கிறது. வலையை ஒட்டி, ஃபேனைப் போடுகிறார். வலை லேசாக உள்பக்கம் புடைக்கிறது.)

வேன்காரர்: ஆயா! காத்து!

ஆயா: இதுக்குப் பேசாமல் இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுக்கினு தூங்கியிருக்கலாம்.

வேன்காரர்: அது மட்டும் கூடாது. நிற்கிற வண்டியில் புகை உள்ளே கசிந்தால் கார்பன் மோனாக்சைடு. நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். ஏலகிரி 1,000 மீட்டருக்கு மேலே, குளிருகிறதே என்று கதவை மூடி அடுப்பைப் பற்றவைத்தாலும் இதே கதைதான்.

ஆயா: கட்டிலுக்கடியில் இன்னாப்பா புகையுது?

வேன்காரர்: கொசுவர்த்தி.

ஆயா: மூடின வண்டியில்! கார்பன் கீர்பன்னு எனக்குப் பாடம் வேற. எடுத்து வெளியே போடு.

(போடுகிறார். ஆயா கூடையை வேனுக்குள் வைத்துவிட்டு, கட்டிலில் காலை நீட்டி உட்காருகிறார்.)

வேன்காரர்: ஆயா, கூடை எதற்கு உள்ளே?

ஆயா: பேசிப் பேசி ஏலத்துக்கு நேரமாயிடுச்சு. துறைமுகத்துக்கு விடு. திரும்பி வரும்போது ரெண்டு கூடை சரக்கு இருக்கும்.

வேன்காரர்: ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம் ஆச்சே, சரக்கு ஏது?

ஆயா: தடை விசைப்படகுக்கு. ஃபைபர் படகுக்காரன் போய்க்கினுதான் இருக்கான். வண்டியை எடு.

வேன்காரர்: மெத்தை புதுசு ஆயா! மீன் வாசனை ஏறிவிட்டால் வீட்டுக்காரி இதில் கால் வைக்கமாட்டாள்!

ஆயா: அப்புறம் எக்ஜாஸ்ட் எதுக்குப் போட்ட?