மாஸ்டர்ஸ் முடிச்சா மனேச்சராமோ?

"ஃபைனான்ஸில மாஸ்டர்ஸ் முடி, பாங்கில நேரா மனேச்சர்" எண்டு பிள்ளையளுக்கு ஓதுறதை முதல்ல நிப்பாட்டுங்கோ. கலியாணத் தரகருக்கு வேணுமெண்டா அந்தக் கதை உதவும். வேலைக்கு உதவாது.

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியிலயும் ஸ்ரான்லி வீதியிலயும் வரிசையா இருக்கிறது கிளைகள். கிளையில நகை அடகு பிடிக்கினம், வைப்புச் சேர்க்கினம், ஓட்டோவுக்கு லீசிங் குடுக்கினம், தவணை கட்டாதவன்ர படலையில போய் நிக்கினம். கம்பனி மதிப்பிடுறது, அரசாங்கக் கடன் பத்திரமான திறைசேரி முறி வாங்கி விக்கிறது, ரிஸ்க் பாக்கிறது எல்லாம் கொழும்புத் தலைமையகத்து வேலை. அங்க சிங்களம் தெரியாமக் காலம் தள்ளுறது கஷ்டம். கிளைக்குப் பயிலுநர் எடுக்கிற விளம்பரங்களில பெரும்பாலும் கேக்கிறது ஏ.எல். பெறுபேறும் இளம் வயசும். மாஸ்டர்ஸ் முடிச்சு வரேக்க வயசு 27, 28. படிச்ச படிப்பே வாசலில மறிக்குது!

சரி, படிச்சதாவது கையில நிக்குதோ? இன்ரர்வியூவில இதைக் கேட்டாப் பாதிப்பேர் முழிப்பினம்: 10 லட்சம் லீசிங், 48 மாசம், "வட்டி 12 வீதம்தான்" எண்டு விக்கிறாங்கள். உண்மையான வட்டி என்ன? முழு முதலுக்கும் நாலு வருசமும் 12 வீதம் போட்டா வட்டி 4,80,000. தவணை 30,833. ஆனா கட்ட வேண்டிய முதல்தொகை மாசா மாசம் குறையுதெல்லோ? எக்செல்லில 'ரேற்' சூத்திரத்தில போட்டா மாசத்துக்கு 1.73 வீதம், வருசத்துக்கு 21 வீதத்துக்குக் கிட்ட. ஒரே வரிக் கணக்கு. இதை விட்டிட்டு, நாள்கணக்கில கைமாறாத கொழும்புப் பங்குக்கு 'பீற்றா' (சந்தை ஆடேக்க ஒரு பங்கு எவ்வளவு ஆடுமெண்ட அளவு) கண்டுபிடிக்கப் பழக்கினம். வியாபாரமே நடக்காத பங்கில சந்தையின்ர ஆட்டம் பிந்தித்தான் தெரியும், பீற்றா குறைச்சுத்தான் காட்டும். அதையும் ஆரும் சொல்லிக் குடுக்கிறேல்லை. 2022 ஏப்ரலில மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தரத்தில 7 சதவீதப் புள்ளி ஏத்தினது. அப்பிடியான ஒரு நாளில கழிவு வீதத்தை (வருங்காலக் காசை இண்டைய பெறுமதிக்கு மாத்திற வீதம்) என்ன செய்யிறதெண்டு பாடக்குறிப்பில தேடிப் பாருங்கோ.

"சி.எஃப்.ஏ.யும் செய்யலாம்தானே" எண்டுவினம். அது முதலீட்டுத் துறைக்கான சர்வதேசத் தகைமை: மூண்டு சோதினை, கட்டணம் டொலரில, அதுக்கு மேல 4,000 மணித்தியாலத் தொழில் அனுபவம். அந்த அனுபவத்தை எந்தக் கிளை தரும்? கணக்காளர் தகைமையான சி.ஏ. எண்டாலும் பயிற்சிக் காலம் கட்டாயம். மாஸ்டர்ஸ் எடுத்தவனுக்காக அதை ஆரும் தள்ளுபடி செய்யப் போறேல்லை.

விரிவுரையாளர் ஆசை இருந்தா இன்னுமொண்டு: பட்டங்களைத் தரம் பிரிக்கிற இலங்கைத் தகைமைச் சட்டகத்தில 30 கிரெடிற் பாடநெறி 9ஆம் மட்டம், ஆய்வோட 60 கிரெடிற் 10ஆம் மட்டம். காசு கட்டமுதல் உங்கட பாடநெறி எந்த மட்டமெண்டு கேளுங்கோ. போன முறை படிச்சு முடிச்சவையில எத்தினை பேர் ஏற்கனவே வேலையில இருந்துகொண்டு படிச்சவை, எத்தினை பேருக்கு முடிச்சாப் பிறகு புதுசா வேலை கிடைச்சது எண்டு ரெண்டையும் பிரிச்சுக் கேளுங்கோ. சேர்த்து ஒரே எண்ணாச் சொன்னா, எழும்பி வாங்கோ.