மிக்மாக் மக்கள் நிலத்தை எழுதிக் கொடுத்தார்களா?

“மிக்மாக் பழங்குடியினர் ஒப்பந்தம் போட்டு நிலத்தை பிரிட்டிஷாரிடம் கொடுத்துவிட்டார்கள், இப்போது அவர்கள் மீன் பிடிப்பது கனடா அரசு காட்டும் சலுகை” என்று ஒரு பதிவு சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

1725 முதல் 1761 வரை கையெழுத்தானவை சமாதான, நட்புறவு ஒப்பந்தங்கள். அவற்றில் நிலத்தை விட்டுக்கொடுத்த பேச்சே இல்லை.

அப்புறம் மீன். 1993இல் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் டொனால்ட் மார்ஷல் என்ற மிக்மாக்காரர் சுமார் 210 கிலோ விலாங்கு பிடித்து 787 டாலருக்கு விற்றார். உரிமம் இல்லை, தடைக்காலம் வேறு என்று வழக்குப் போட்டார்கள். 1999 செப்டம்பர் 17 அன்று கனடா உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அளவான பிழைப்புக்காக மீன் பிடித்து விற்பது 1760–61 ஒப்பந்தங்கள் தந்த உரிமை என்றது. நீதிமன்றம் வரை போய் நிலைநாட்டிய உரிமையைச் சலுகை என்று எழுதுவது அநியாயம். மீன்வளம் காக்க அரசு கட்டுப்பாடு விதிக்கலாம் என்று அதே நீதிமன்றம் நவம்பரில் விளக்கியது உண்மைதான். ஆனால் அதற்குத் தகுந்த காரணத்தை அரசுதான் காட்ட வேண்டும்.