பழைய நம்பருக்கே ஓடிபி
நாடு மாறி ஆறு மாசம் ஆச்சு. பேங்க் கணக்கு மட்டும் என்னை விடமாட்டேங்குது. எதைத் தொட்டாலும் ஓடிபி, அதுவும் செத்துப்போன பழைய சிம்முக்கு. சரி, நம்பரை மாத்தலாம்னா அதுக்கும் பழைய நம்பருக்குத்தான் ஓடிபி! சாவியை உள்ளே வச்சுப் பூட்டின கதை. "நேர்ல வாங்க"ங்கிறாங்க. ஒரு கையெழுத்துக்கு ஃப்ளைட் டிக்கெட்டா?

தம்பிக்கு பவர் எழுதிக் கொடுக்கலாம்னா முதல்ல நோட்டரி, அதுக்கு மேல அப்போஸ்டில் - அந்த நோட்டரி கையெழுத்து நிஜம்தான்னு அரசாங்கம் குத்துற முத்திரை. ரெண்டு நாடும் 1961 ஹேக் ஒப்பந்தத்துல இருந்தா அந்த ஒரு முத்திரையோட போச்சு. இல்லைன்னா தூதரகம் வரை அலைச்சல். (நமக்கு எது வாய்க்கும்னு சொல்லவா வேணும்.) எல்லாம் முடிச்சு அனுப்பினா, "கையெழுத்து ஒத்துப்போகலை"ன்னு திரும்பி வருது. பதினெட்டு வயசுல போட்டதுங்க அது!