வீட்டுக்குத் தெரியுமா?

2011இல் ஒரு மாணவியின் அப்பாவுக்கு நான் போன் செய்தேன். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நீளமானது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருபது வருடமாகக் கொங்கு நாட்டுக் கல்லூரிகளில் வணிகவியல் எடுக்கிறேன். அப்போது வேலையில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி மதிய இடைவேளையில் வந்து, துறை அறைக் கதவோரம் நின்று, "நாள் தள்ளிப் போயிருக்கிறது மேடம்" என்றாள். நான் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்குத் தெரியுமா?" இல்லையென்று தலையாட்டினாள். அவள் வகுப்புக்குப் போனதும், பெரிய கடமையைச் செய்கிற நினைப்பில், சேர்க்கைப் படிவத்திலிருந்த எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தேன். மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் காரில் வந்து இறங்கிவிட்டார்கள். டி.சி. கேட்ட விண்ணப்பத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதியிருந்தது. அது அவள் கையெழுத்தில்லை. இரண்டு வருடம் அவள் விடைத்தாளைத் திருத்தியவள் நான், எனக்குத் தெரியாதா? போகும்போது அந்த அப்பா என்னைப் பார்த்துக் கைகூப்பி, "ரொம்ப நன்றிங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. விசாரிக்க எனக்குத் துணிவும் வரவில்லை.

பெற்றவர்களிடம் சொல்வதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு பொறியியல் மாணவரை வெட்டிக் கொன்றதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். மனைவியும் உடன் இருந்தாள், அவளுக்கும் வெட்டு. கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கே நம் ஊரில் அந்தக் கதி. கல்யாணமே ஆகாமல் முழுகாமல் இருப்பவளின் நிலையை நினைத்துப் பாருங்கள். எல்லா அப்பாக்களும் அரிவாள் எடுப்பதில்லைதான். ஆனால் எந்த அப்பா எப்படிப்பட்டவர் என்பது அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் போன் செய்தேன்.

இனிச் சொல்லப்போவது 2022இல் வந்த இன்னொரு பெண்ணைப் பற்றி. அவளிடம் கேட்டுக்கொண்டு, அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி எழுதுகிறேன். மூன்றாம் ஆண்டு, வயது இருபது, அரசுப் பள்ளியில் படித்து வந்தவள், விடுதியில் தங்கியிருந்தாள். நவம்பர் செமஸ்டர் தேர்வுக்குச் சில நாள் முன்பு வந்தாள். அவள் சொல்லி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு, "சாப்பிட்டாயா கண்ணு?" என்று கேட்டேன். இந்த ஒரு கேள்விக்குத் தயாராவதற்கு எனக்குப் பதினோரு வருடம் ஆகியிருக்கிறது.

அவள் அதற்குள் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தனியாகப் போய் வந்திருந்தாள். ஸ்கேன் எடுத்து, பதினாறு வாரம் என்று சொல்லியிருக்கிறார்கள். கலைப்பதானால் கணவரையோ அப்பாவையோ கூட்டி வந்து கையெழுத்துப் போடவைக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அது பொய். தெரியாமல் சொன்னார்களா, வேண்டாத வம்பு என்று தட்டிக்கழித்தார்களா, யாருக்குத் தெரியும்! 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டப்படி, பதினெட்டு நிறைந்த, மனநலத்தோடு இருக்கிற பெண்ணின் சம்மதம் மட்டுமே போதும். 2021 திருத்தத்துக்குப் பிறகு, இருபது வாரம்வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். இருபதிலிருந்து இருபத்துநான்கு வாரம்வரை சில வகைப் பெண்களுக்கு இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு அனுமதி உண்டு. அந்த வகைகளுக்குள் திருமணமாகாதவரையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று சொன்னது. அவள் என் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அந்தத் தீர்ப்புக்கு இரண்டு மாதம்கூட வயதாகவில்லை. கலைக்க வந்தவளின் பெயரை மருத்துவர் வெளியில் விடுவதும் அதே சட்டத்தின்படி குற்றம்.

முதலாம் ஆண்டில் பதினேழு வயதுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதை ஆசிரியர்கள் மறக்கக் கூடாது. அங்கே குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்துவிடும், தகவல் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் அவள் பெயரைப் போலீசுக்குச் சொல்லத் தேவையில்லை என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

இவளிடம் மூன்று வழி இருப்பதாகச் சொன்னேன். கலைக்கலாம், நாள் இருக்கிறது. பெற்று வளர்க்கலாம். பெற்று, குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற இரண்டு மாதம் அவகாசம் உண்டு. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கியதே நம் பக்கத்துச் சேலத்தில்தான். எந்த வழி நல்லது என்று நான் சொல்லவில்லை. சொல்ல நாக்குத் துடித்தது என்பதையும் மறைக்கவில்லை. தேர்வு முடிந்த அன்று வந்து, "பெற்றுக்கொள்கிறேன் மேடம்" என்றாள். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் இதே பதிவைத்தான் எழுதியிருப்பேன். இவள் தைரியசாலி, கலைத்தவள் கோழை என்று யாராவது இதைப் பகிர்ந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அந்தப் பையனுக்கு ஒரு பத்தி போதும். பெங்களூரில் வேலை கிடைத்துப் போனான், எண்ணை மாற்றிக்கொண்டான். திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கும் தகப்பன் ஜீவனாம்சம் கொடுத்தாக வேண்டும்; அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, இன்றைய புதிய சட்டத்தில் 144. வழக்குப் போடு என்றேன். "அவன் காசில் என் பிள்ளைக்குப் பால் வாங்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். எனக்கு இன்றைக்கும் இதில் உடன்பாடில்லை.

அடுத்து விடுதி. அவளாகவே போய்ச் சொன்னாள். இரண்டு நாளில் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள், மற்றப் பிள்ளைகள் கெட்டுப்போவார்களாம். கர்ப்பம் என்ன அம்மையா, பக்கத்துக் கட்டிலுக்கு ஒட்டிக்கொள்ள? பெண்கள் உதவி எண்ணான 181க்கு அழைத்தோம். எடுத்த பெண் நிதானமாகக் கேட்டு, மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி சொன்னார். அங்கே சில நாள் தங்கலாம், சட்ட உதவியும் மனநல ஆலோசனையும் கிடைக்கும். ஆனால் இவளுக்குத் தேவை ஆறேழு மாதத்துக்கு ஒரு திண்ணை.

கடைசியில் என் பெரியம்மாதான் கிடைத்தார். கோபி பக்கம், கொடிவேரியிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்கால் பாய்கிற ஊர்களில் ஒன்று. அறுபத்தெட்டு வயது, பெரியப்பா போய்ப் பத்து வருடம், துணைக்கு ஒரு எருமை. விஷயத்தைச் சொல்லத் தயங்கித் தயங்கி நான் பத்து நிமிடம் சுற்றி வளைத்தேன். "ஏன் அம்மிணி இழுக்கிறாய், எத்தனை மாதம்?" என்று அவரே கேட்டார். அன்றைக்குச் சாயந்திரமே தவிட்டுக் குடத்தை நகர்த்திவிட்டு உள்ளறையில் கட்டிலைப் போட்டுவிட்டார். கொள்ளு சூடு என்று, இரண்டு நாளைக்கொருமுறை கடைந்த கொள்ளுப் பருப்பை நிறுத்திவிட்டுப் பச்சைப்பயறுக்கு மாறினார். ஊரில் கேட்டவர்களுக்கு, "நம்ம வீட்டுப் பிள்ளை" என்று மட்டும் சொன்னார். மேலே கேட்டவர்களுக்குப் பதிலே சொல்லவில்லை. எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.

கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதியப் போன நாளில் நானும் உடன் இருந்தேன். தாய் சேய் நல அட்டையில் பெயர், வயது, முகவரி எழுதி வந்த பேனா, 'கணவர் பெயர்' என்ற இடத்தில் நின்றது. இவள் சேலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். செவிலியர் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தார். "8.6தான் இருக்கிறது கண்ணு. கர்ப்பிணிக்குப் பதினொன்றாவது வேண்டும். முதலில் இதைப் பார்ப்போம்" என்றார். சத்து மாத்திரை, பிறகு அரசு மருத்துவமனையில் டிரிப்ஸ் வழியாக இரும்புச்சத்து, அங்கன்வாடியில் சத்துமாவு, எல்லாவற்றையும் வரிசையாக அவரே பார்த்துக்கொண்டார். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில், ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய், தவணை தவணையாக. வயது பத்தொன்பது ஆகியிருக்க வேண்டும், இவளுக்கு ஆகியிருந்தது. பெட்டகத்தில் வந்த பேரீச்சம்பழத்தைப் பெரியம்மா டப்பாவில் போட்டுப் பூட்டி, தினம் இரண்டு என்று எண்ணிக் கொடுத்தார்.

கல்லூரிக்கு வருகிறேன். 75 விழுக்காடு வருகை இல்லாவிட்டால் சிக்கல் என்பது எல்லோருக்கும் தெரியும். மகப்பேறுக்காகப் பெண் மாணவிகளுக்கு விடுப்பும் வருகைப் பதிவில் தளர்வும் தரும் விதிகளை வகுக்கும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2021 டிசம்பரில் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் கடிதம் எழுதியிருக்கிறது. இளநிலை, முதுநிலை இரண்டுக்கும். அதை அச்சடித்து எடுத்துக்கொண்டு மேலிடத்துக்குப் போனேன். "இதெல்லாம் கல்யாணமானவர்களுக்குத்தானே?" என்றார்கள். கடிதத்தில் பெண் மாணவிகள் என்றுதான் இருக்கிறது, எங்கே கல்யாணம் என்று காட்டுங்கள் என்றேன். காட்ட முடியவில்லை. அதே சமயம்தான் கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் பதினெட்டு வயது நிறைந்த மாணவிகளுக்கு அறுபது நாள் மகப்பேறு விடுப்பு அறிவித்த செய்தியும் வந்திருந்தது. கேரள எல்லையான வாளையாறு தாண்டினால் நடக்கிற காரியம் இந்தப் பக்கம் மதுக்கரையில் ஏன் நடக்கக் கூடாது என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போல, அலுவலகத்தில் தட்டச்சு நின்றுவிட்டது. முடிவில் ஒப்புக்கொண்டார்கள், எழுத்தில் தராமல். பிப்ரவரிவரை வந்தாள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அப்போதுதான் தொடங்கியிருந்த புதுமைப் பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் மாதாமாதம் வந்தது. பாடம் கேட்டாள், கேண்டீனில் தனியாகச் சாப்பிட்டாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தது வகுப்பில் மூன்று பேர். ஐம்பத்தெட்டில் மூன்று.

ஏழாம் மாதத்தில் அவளாகவே அம்மாவுக்குப் போன் செய்தாள். எண்ணை நான் தொடவில்லை. அம்மா இரண்டு பஸ் மாறி, வீட்டில் ரேஷன் கடைக்கு என்று சொல்லிவிட்டு வந்தார். வந்ததும் அழவில்லை, திட்டவில்லை. மகளின் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி, விரலால் அழுத்திப் பார்த்து, "வீக்கம் இல்லை" என்றார். பிறகுதான் தண்ணீர் கேட்டார்.

நம் பக்கத்தில் கட்டுச்சோறு இல்லாமல் மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வர மாட்டார்கள். பெரியம்மாவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. தாலி இழந்தவள் அதற்கெல்லாம் கை வைக்கக் கூடாது என்பது ஊர்ச் சட்டம், இவளுக்கோ தாலியே இல்லை. "ரெண்டு பேருக்கும் இல்லாததை யார் கேட்பது?" என்று, ஒன்பதாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் எழுந்து புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, எள்ளுச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு என்று ஐந்தைக் கிளறிவிட்டார். பத்து வீட்டுக்குச் சொன்னார். நான்கு வீட்டிலிருந்து வந்தார்கள். வராத வீடு ஒன்றிலிருந்து வளையல் மட்டும் வந்தது, பிள்ளையிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். மிச்சச் சோற்றை எருமைகூடச் சாப்பிட்டது.

ஏப்ரலில் மகன் பிறந்தான். அரசு மருத்துவமனை, சுகப்பிரசவம். பிறப்புச் சான்றிதழுக்குப் போனபோது மறுபடி அதே கட்டம், இந்த முறை 'தந்தை பெயர்'. திருமணமாகாத தாய் தகப்பன் பெயரைச் சொல்லத் தேவையில்லை, அவள் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் சான்றிதழ் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015லேயே சொல்லிவிட்டது. மூன்று முறை அலைந்த பிறகு கிடைத்தது. பையனுக்குத் தலைப்பெழுத்து அம்மாவுடையது. ஆறாம் செமஸ்டர் தேர்வை நவம்பரில் எழுதினாள். பிள்ளையைப் பெரியம்மா கல்லூரிக்கு வெளியே வேப்ப மரத்தடியில் மூன்று மணி நேரம் வைத்துக்கொண்டிருந்தார். காவலாளி உள்ளே விடவில்லை, ஆனால் தன் நாற்காலியைக் கொடுத்தார்.

இப்போது திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறாள். அப்பா இன்னும் பேசவில்லை. அதற்கு என்னிடம் மருந்தில்லை.

ஆசிரியர்கள், விடுதிக் காப்பாளர்கள் இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். போனை எடுக்கும் முன் அவளைக் கேளுங்கள்: யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொன்னால் உனக்கு ஆபத்து? வாரக் கணக்கைக் கேளுங்கள், ஏனென்றால் நாம் யோசிக்கிற ஒவ்வொரு வாரமும் அவள் கையிலிருந்து ஒரு வழி போகிறது.

போன வருடம் எங்கள் கல்லூரிப் பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டினேன். 181, பக்கத்து அரசு மருத்துவமனை, கீழே கிழித்துக்கொள்ளும்படி என் எண் எழுதிய எட்டுத் துண்டுகள். முதல் தாளை இரண்டே நாளில் யாரோ மொத்தமாகப் பிய்த்துவிட்டார்கள். மறுபடி ஒட்டினேன், அதில் மீசை வரைந்திருந்தார்கள். மூன்றாவது தாள் ஜூன் முதல் இருக்கிறது. நேற்று பார்த்தபோது ஒரு துண்டைக் காணோம். சும்மா கிழித்திருக்கவும் கூடும்.