அடுப்படியில் ஒளிந்திருக்கும் சாப்பாடு

டோக்கியோவில் எந்த ரயில் நிலையத்தில் இறங்கினாலும் பக்கத்திலேயே ஒரு இந்திய-நேபாளக் கறிக்கடை இருக்கும். பெயர்தான் வேறு, மெனு எல்லாம் ஒன்றே. சர்க்கரை தூக்கலான பட்டர் சிக்கன், தட்டை விட்டு வெளியே தொங்கும் நான், ஆரஞ்சு நிறச் சாஸ் ஊற்றிய முட்டைக்கோஸ், மாம்பழ லஸ்ஸி. நானிலும் இனிப்பு!

சரி, அது ஊர் வழக்கம், போகட்டும். எனக்கு ஆற்றாமை வேறு. சமைப்பவர் நேபாளத்துக்காரர். எங்கள் தெருக் கடையில் மதியக் கூட்டம் ஓய்ந்ததும் அவர்கள் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தேன்: சோறு, கருப்பு உளுந்துப் பருப்பு, கடுகுக்கீரைப் பொரியல், முள்ளங்கி ஊறுகாய். நெய் வாசனை ஆளைத் தூக்கியது. அதையே கொடுங்கள் அண்ணா என்றால், "அது எங்களுக்குச் செய்தது, உங்களுக்குப் பிடிக்காது" என்கிறார். பருப்புஞ்சோறு தின்று வளர்ந்தவனுக்கா பிடிக்காது?

டோக்கியோவின் ஷின்-ஒகுபோ பகுதியில் நேபாளிகள் கூடும் கடைகளில் இந்தப் பருப்புஞ்சோற்றுச் சாப்பாடு, அவர்கள் சொல்லும் தால் பாத், தாராளமாகக் கிடைக்கிறது. ஜப்பானியர்களே தேடிப் போய்ச் சாப்பிடுகிறார்கள். இவ்வளவு கைப்பக்குவம் உள்ளவர் தெருமுனையிலேயே இருக்க, நான் எதற்கு ரயில் ஏற வேண்டும்? மெனுவின் கடைசிப் பக்கத்திலாவது ஒரு வரி போடுங்களேன் அண்ணா!