கியாய்க்தியோ பொற்பாறை மிதக்கவில்லை

மியான்மரின் மோன் மாநிலத்துக் கியாய்க்தியோ மலையில் உள்ள பொற்பாறை அந்தரத்தில் மிதக்கிறது, பாதிக்கு மேல் வெளியே நீண்டும் விழாததே அங்கே புவியீர்ப்பு இல்லை என்பதற்குச் சான்று என்று ஒரு செய்தி யாங்கோன் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வலம் வருகிறது. இது தவறு.

பாறை கீழுள்ள கல்தட்டைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கிறது. அதன் எடை முழுவதும் இரண்டும் தொடும் சிறு பரப்பின்மேல் இறங்குகிறது. கல்தட்டு அதே அளவு விசையால் மேல்நோக்கித் தாங்குகிறது, உராய்வு வழுக்காமல் பிடித்துக்கொள்கிறது. ஆனால் விசைகள் சமமானால் மட்டும் போதாது, கவிழ்க்கும் திருப்புத்திறனும் (பொருளைச் சுழற்ற முயலும் விளைவு) சுழியாக வேண்டும். ஒரு செங்கல்லை மேசை விளிம்புக்கு வெளியே மெல்லத் தள்ளிப் பாருங்கள்: அதன் ஈர்ப்பு மையம், அதாவது எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி, விளிம்பைத் தாண்டும்வரை விழாது. பொற்பாறை சீரான வடிவமுடையதன்று. எனவே வெளியே தெரியும் பகுதியின் நீளத்தை மட்டும் கண்ணால் அளந்து, எடையும் அங்கேதான் மிகுதி என்று முடிவு கட்டக்கூடாது. ஈர்ப்பு மையத்திலிருந்து கீழே இறங்கும் செங்குத்துக்கோடு தொடுபரப்புக்குள் விழுவதாலேயே அது நிற்கிறது.

பாறையை அசைத்தால் அடியில் நூல் நுழையும் என்பதையும் சான்றாகக் காட்டுகிறார்கள். அப்படி நுழைந்தாலும் அது தொடுபரப்பு குறுகியது என்பதையே காட்டும், மிதப்பதை அன்று.

புத்தரின் கேசம் பாறையைத் தாங்குகிறது என்பது பக்தர்களின் நம்பிக்கை. அதை இங்கு மறுக்கவில்லை. ஆனால் அங்கே புவியீர்ப்பு இல்லை என்பது நம்பிக்கையன்று, இயற்பியல் பற்றிய கூற்று; அது தவறு. அங்கே கைநழுவும் பூவும் கீழேதான் விழுகிறது.